கேஸ்காரர் மனைவி

"கேஸ்ல சமைச்சா வயித்துல கேஸ் வரும்னு சொல்றாங்களே?"

கதவைப் பாதி மூடிக்கொண்டே கேட்டார் மாவுமில்காரர்.

"இத்தனை நாள் விறகுல சமைச்சீங்களே, வயித்துல மரமா முளைச்சுது?"

கேஸ்காரர் இப்படித்தான். பதில் நாக்கு நுனியில் இருக்கும். கேஸ் அடுப்பு ஊருக்குப் புதிது. வெடித்துவிடும் என்றார்கள், சாப்பாட்டில் வாடை அடிக்கும் என்றார்கள். எல்லாருக்கும் அவரிடம் பதில் இருந்தது.

"ருசி இருக்காதேய்யா?"

"ருசி உங்க நாக்குக்கு. புகை யாரு கண்ணுக்கு? வீட்டம்மாவை வெளிச்சத்துல நிக்க வெச்சு ஒரு தடவை பாருங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல."

உள்ளே நின்றிருந்த மாவுமில்காரர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வியாபாரம் அங்கேயே முடிந்தது.

அந்த வருடம் அதிக அடுப்பு விற்றவர் அவர்தான். புதிதாகத் திறக்கும் கடைக்கு அவரே மேனேஜர் என்று முடிவாகியிருந்தது. அடுப்பு வாங்கியவர்கள் எல்லாரும் திறப்பு விழாவுக்கு வந்திருந்தார்கள். முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"பொம்பளைங்க கஷ்டம் தெரிஞ்ச மனுஷன்! அவர் சம்சாரம் கையாலதான் இந்தப் புது மாடலைப் பத்த வைக்கணும்!"

கேஸ்காரருக்குக் குப்பென்று வியர்த்தது.

"வேண்டாம் சார். அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி."

"என்னய்யா நீ, ஊர்ப் பொம்பளைங்களுக்கெல்லாம் நியாயம் பேசறே. சொந்தப் பொண்டாட்டியை மேடை ஏத்த மாட்டியா?"

கூட்டம் சிரித்தது. அவள் தயங்கித் தயங்கி ஏறி வந்தாள். கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன.

"பாருங்க, ஆனந்தக் கண்ணீர்!" என்றார் முதலாளி. பலத்த கைதட்டல்.

"வீட்டுல அடுப்பு நல்லா எரியுதாம்மா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நல்லா எரியுது சார். இவர் இருக்கறப்போ எனக்கென்ன குறை?"

கேஸ்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜர் வேலைக்கு இனி பங்கமில்லை.

முதலாளி குமிழைத் திருப்பினார். அவள் தீக்குச்சியை நீட்டினாள். நீலமாகப் பிடித்த தீ, லேசாகத் தணிந்தது.

அவ்வளவுதான். அவள் சட்டென்று குனிந்து, கன்னம் உப்ப, 'பூ'வென்று ஊதினாள்.

தீ அணைந்தது. முதலாளி பதறிப்போய்க் குமிழை மூடினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண்களுக்கு உடனே புரிந்துவிட்டது. கேஸ்காரர் வீட்டில் இன்றைக்கும் விறகடுப்புதான். அவள் கேட்டபோதெல்லாம், "விறகுல வெந்தாதான்டி எனக்கு இறங்கும்" என்று வாயை அடைத்தவர் அவரேதான்.

மேனேஜர் வேலை போனால் போகிறது. விற்றதில் ஒரே ஒரு அடுப்பை இவளுக்கென்று வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று கேஸ்காரருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க... உங்க மானத்தை வாங்கிட்டேன். பழக்கதோஷம்."