திங்கட்கிழமை மழை

பெண்கள் பெட்டியில் எழுந்து நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை பாசஞ்சரில் இது எங்கள் வழக்கம். கல்லூரிப் பெண்கள் பன்னிரண்டு பேர். முதலில் ஒரு பாட்டு, பிறகு ஆண்டவர் தனக்குச் செய்ததை யாராவது ஒருத்தி எழுந்து சொல்லும் சாட்சி, பிறகு விண்ணப்பங்கள், கடைசியில் என் ஜெபம்.

மூன்று வருடமாக என் ஜெபம்தான் கடைசி. பின்சி கேட்டால் கிடைக்கும் என்று பெட்டி முழுக்கப் பெயர். நானும் அதை மறுக்கப் போனதில்லை. தம்பி வினீத்துக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது என் உபவாசத்தில். எங்களோடு வரும் பிஜியின் அம்மாவுக்கு வயிற்றில் இருந்தது வெறும் நீர்க்கட்டி என்று ரிப்போர்ட் வந்தது என் ஜெபத்தில். அப்படித்தான் நான் நம்பினேன். பிஜியும் நம்பினாள்.

ஜெபத்துக்கு ஒரு முறை உண்டு. வாலிபர் முகாமில் சொல்லித் தந்தது. "உதவி செய்யும் ஆண்டவரே" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. நாளைச் சொல்லி, காரியத்தைச் சொல்லி, குறிப்பாய்க் கேட்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை இதே பெட்டியில் நான் குறிப்பாய்த்தான் கேட்டேன். திங்கட்கிழமை பல்கலைக்கழகப் பரீட்சை. எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ். புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றியது.

"ஆண்டவரே, திங்கட்கிழமை பெரிய மழை வேண்டும். பரீட்சை தள்ளிப்போக வேண்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும்போதே வானம் இருட்டிவிட்டது. சாயங்காலம் அடித்த காற்றில் ஆரியங்கோட்டில் சித்தப்பாவின் ரப்பர் மரங்கள் ஆறு சாய்ந்தன. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய மழை என்று கேட்டது நான்தானே.

திங்கட்கிழமை கொட்டிய மழையில் கலெக்டர் லீவு விட்டார். பல்கலைக்கழகம் பரீட்சையைப் பத்து நாள் தள்ளிவைத்தது.

இன்று புதன். மழை விட்டபின் ரயில் ஓடிய முதல் நாள். "நான் கேட்டேன், அவர் கொடுத்தார்" என்று நான் முடித்ததும் பெட்டியே அல்லேலூயா சொன்னது. அலுவலகம் போகிற அக்காமார் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள்.

அதற்குள் நெய்யாற்றின்கரையில் டெல்னா ஏறியிருந்தாள்.

காஞ்சிரங்குளம் பக்கத்துக் கடற்கரைப் பெண். எங்கள் கல்லூரியில் முதல் வருடம். கத்தோலிக்கப் பிள்ளை, எங்களோடு சேர்ந்து பாடமாட்டாள், ஜன்னலோரம் ஜெபமாலையோடு உட்கார்ந்துகொள்வாள். இன்று கல்லூரிப் பை இல்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் மட்டும் இருந்தது.

"விண்ணப்பம் யாருக்காவது உண்டா?" என்று கேட்டேன்.

முதல் முறையாக டெல்னா கையை உயர்த்தினாள்.

"எக்கா, எனக்க அப்பா சனிக்கிழமை மத்தியானம் வள்ளத்துல கடலுக்குப் போனாரு. இன்னும் வரல்ல."

பிஜி நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கவருக்குள் அப்பாவின் ஆதார் நகல், வள்ளத்தின் பதிவுக் காகிதம், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்று. பெயர் நார்பர்ட். அம்மா கரையை விட்டு வரமாட்டேன் என்கிறாளாம். வீட்டில் படித்தவள் இவள் ஒருத்திதான். திருவனந்தபுரத்தில் மீன்வளத்துறை அலுவலகத்தில் இதையெல்லாம் கொடுக்கப் போகிறாள்.

எனக்கு ஜெபம் தயாராகிவிட்டது. காற்றையும் கடலையும் அதட்டினவரே என்று ஆரம்பிக்கலாம். எழுந்துபோய் அவள் தலையில் கை வைத்தேன்.

அவள் என் கையை மெல்ல எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கட்டா எக்கா? எனக்கும் திங்கக்கிழமை பரீட்சை இருந்தது. வெள்ளிக்கிழமை நீங்க மழை கேட்டப்போ நானும் ஆமென் சொன்னேன். அந்த மழை நாம கேட்டதினாலயா வந்தது?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் பெட்டியில் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. சாட்சி சொல்லி முடித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று சொன்னால் இந்தப் பிள்ளை காலம் முழுக்க அந்த ஒரு ஆமெனைச் சுமப்பாள். இல்லை என்று சொன்னால் நான் என்ன ஆவேன் என்றும் ஒரு கணம் யோசித்தேன். யோசிக்காமல் இருக்கவில்லை.

பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சாட்சி சொன்ன அதே குரலில் சொன்னேன்.

"இல்ல மக்கா. மழை அதுபாட்டுக்கு வந்தது. நாம கேட்டதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் சொன்ன சாட்சி வெறும் பெருமையாக்கும்."

மூன்று வருடப் பெயர் ஒரு மூச்சில் போனது. போகட்டும் என்றிருந்தது. அந்தப் பெட்டியில் நான் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை அதுதான் என்று பட்டது. டெல்னாவின் தோள் தளர்ந்தது. நான்கு நாளாக அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது. அழட்டும் என்று விட்டேன். பிஜி தன் துப்பட்டாவால் அவள் முகத்தைத் துடைத்தாள்.

எனக்குத் தைரியம் திரும்பியது. மறுபடியும் அவள் தலையில் கை வைத்தேன்.

"கண்ண மூடு மக்கா. அப்பா திரும்பி வரணும்னு குறிப்பாய்க் கேப்போம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். டெல்னா மூடவில்லை. என்னையே பார்த்தாள்.

"மழை அதுபாட்டுக்குத்தான் வந்ததுண்ணா," என்றாள், "இப்ப கேட்டா அப்பா வருவாரா எக்கா?"