பன்னிரண்டாவது நாற்காலி

"எழுந்திரு அமுதம். இது உனக்குப் போட்ட நாற்காலி இல்ல."

ஃபிரான்சுவாஸ் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். பெரிய வியாழன் மாலைப் பூசைக்குக் கோயிலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. பீடத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய பன்னிரண்டு நாற்காலிகள். இன்னும் சற்று நேரத்தில் பங்குச் சாமியார், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல மண்டியிட்டு, அவற்றில் உட்காருகிறவர்களின் பாதங்களைக் கழுவப்போகிறார்.

கடைசி நாற்காலியில் மீன்காரி அமுதம். வலது காலில் கட்டு. சர்க்கரைப் புண். பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சாமிதாம்மா வரச் சொன்னாரு."

"ஃபாதர் ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசிட்டா போதுமே, பத்திரிகை வச்சு அழைச்ச மாதிரி வந்து உக்காந்துடுவீங்களே!"

ஃபிரான்சுவாஸைச் சும்மா சொல்லக்கூடாது. பங்கின் இரக்கப்பணிக் குழுவுக்கு அவள்தான் தலைவி. ஆஸ்பத்திரியில் யார் படுத்தாலும் முதலில் போய் நிற்பவள். இன்றைக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பாதம் கழுவிக்கொள்ள வருகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் பூசிக்கொண்டு வரவேண்டும் என்பது அவள் ஏற்பாடு. வந்தவர்களைப் பின்பக்கக் குழாயடிக்கு அனுப்பி இன்னொரு தரம் கழுவச் சொல்லிப் பார்த்த பிறகுதான் உட்காரவே விட்டாள். ஃபாதர் குனிந்து முத்தமிடுகிற கால் இல்லையா?

கடைசி ஆளை மட்டும் தானே வரச் சொல்லியிருப்பதாக ஃபாதர் சொல்லியிருந்தார். யாரோ பெரிய மனிதர் காரில் வந்து இறங்கப்போகிறார் என்று இவளும் வாசலைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தாள்.

"சனிக்கெழம இந்தக் காலை எடுக்கப்போறாங்கம்மா, முட்டிக்குக் கீழ. இன்னிக்கே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க. போறதுக்கு முன்ன ஒரு தடவ சாமி கை பட்டுடட்டும்னு வந்தேன்."

ஃபிரான்சுவாஸுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் தூணோரம் கேமரா ஓடிக்கொண்டிருந்ததே!

"பாரு அமுதம். பிரான்சுல இருந்து நம்ம ஜனம் அத்தனையும் லைவ்ல பாத்துக்கிட்டு இருக்கு. கட்டைப் பிரிச்சா என்ன ஆகும்? ஃபாதருக்கும் வயசாச்சு, தொத்திக்கிச்சுன்னா?"

"சர்க்கரை தொத்தாதும்மா."

"வாய் மட்டும் கொறையல உனக்கு."

"காலுதாம்மா போவுது. வாயாவது இருக்கட்டுமே."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஃபிரான்சுவாஸுக்கு அதுதான் சுருக்கென்றது. அமுதத்தின் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். பார்க்கிறவர்களுக்குத் தாங்கிப் பிடித்து நடத்திப்போவது போலத்தான் தெரிந்தது. பக்கவாசல் வழியாக வெளியே கூட்டிவந்து, கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்து, தானே ஆட்டோவும் பிடித்தாள்.

"ஃபாதர்கிட்ட நான் சொல்லிக்கறேன். எங்க குழு முழுக்க உனக்காக வேண்டிக்கும், போ."

அமுதம் கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டோவுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஃபிரான்சுவாஸ் திரும்பி ஓடிவந்தாள். பாரீஸிலிருந்து லீவுக்கு வந்திருந்த கொழுந்தன் ரோழே போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஷூவைக் கழட்டிட்டு அந்த நாற்காலில போய் உக்காருங்க."

"நானா அண்ணி? நான் பூசை பாத்தே வருஷக்கணக்காச்சே!"

"கால் சுத்தமா இருக்குல்ல? அது போதும்."

பூசை நன்றாகத்தான் நடந்தது. ஃபாதர் ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு எழ ரொம்பவும் சிரமப்பட்டார். கடைசி நாற்காலிக்கு வந்ததும் நிமிர்ந்து ரோழேயின் முகத்தைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரை ஊற்றினார்.

எல்லாம் முடிந்து பூசை உடுப்பைக் கழற்றும்போது ஃபிரான்சுவாஸிடம் கேட்டார்.

"அமுதம் வரலையாம்மா?"

"வரலை ஃபாதர். நானும் வாசலையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்." கொஞ்சம் முன்பு பூசையில் நன்மை அப்பம் வாங்கிய அதே வாய்தான். "அதெல்லாம் அவளுக்கு எங்க நெனப்பிருக்கப்போவுது?"

"மறக்கிற ஆள் இல்லையே அவங்க. பாண்டிச்சேரி வண்டி கெளம்பியிருக்குமா?"

"இந்நேரம் கெளம்பியிருக்கும் ஃபாதர்."

ஃபாதர் ஈரத் துண்டைப் பிடித்தபடியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம், நாறும் சாமின்னு எவ்வளவோ சொன்னாங்க. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி வரச் சொன்னேன்."

"நீங்க போய் அவகிட்ட கெஞ்சறதா?"

"கொரோனாவுல நான் மாடியில கெடந்தப்ப உங்க குழு வாசல் கேட்டுக்கு வெளியவே நின்னு ஜெபம் சொல்லிட்டுப் போச்சு. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டு, கதவத் தொறந்து உள்ள வந்து, மலமும் மூத்திரமுமாக் கெடந்த இந்த உடம்பக் கழுவிவிட்டது அமுதம் மட்டுந்தாம்மா."