இன்னும் கொஞ்சம் ஆழம்

மினசோட்டா ஏரிக்கரையில் மரக்கட்டை வீடு கட்டுவதற்காக, ஏய்னோ தன் கையாலேயே அஸ்திவாரக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். பனி விழுவதற்குள் கூரை போட்டாக வேண்டும்.

நாலடி முடிந்த அன்று, மஞ்சள் தொப்பிக்காரர் ஒருவர் வண்டியில் வந்தார். குழிக்குள் இறங்கி, மண்ணை உதிர்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“பத்தாதுப்பா. இன்னும் ஆழமாப் போ.”

ஆறடி தோண்டினான். மறுபடி வந்தார். மறுபடி உதடு பிதுங்கியது.

“அந்த ஆள நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்க வேண்டியதுதானே?” என்றாள் மனைவி லெம்பி.

“சும்மா இருடி. அனுமதி குடுக்காமப் போயிட்டா?”

எட்டடியில் இடுப்பே கழன்றுவிட்டது. மூன்றாம் முறை வந்தவர், முகமெல்லாம் சிரிப்பாகக் குழியிலிருந்து ஏறி வந்தார்.

“அருமை! இந்த ஆழத்தைத்தான் சொன்னேன்.”

ஏய்னோவுக்குக் கண் கலங்கியது. படிவத்தை நீட்டினான். “ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க சார்.”

“நான் எதுக்குப்பா போடணும்?”

“நீங்க… இன்ஸ்பெக்டர்தானே?”

“ஐயய்யோ, நான் ஏரிக்கு மீன் பிடிக்க வந்தவன். இந்த வெயிலுக்கு மண்புழுவெல்லாம் அடியில போய்ப் பதுங்கிக்கிச்சு!”

புழுக்கள் நெளிந்த டப்பாவை மூடிக்கொண்டே ஆவலாகக் கேட்டார்:

“அடுத்த குழி எப்பப்பா தோண்டுவே?”