இருபத்துநான்கு மூடிகள்

இருபத்துநான்கு மூடிகளையும் மொத்தமாகக் கழற்றி, நல்ல தண்ணீர் வாளியில் போட்டு அலசிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

எந்த ஆழத்துத் தண்ணீர் என்று எழுதியிருந்தது மூடிகளில். பாட்டில்களில் ஒரு புள்ளிகூட இல்லை.

மூடி விளிம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஒரு பொடி உள்ளே விழுந்தாலும் கடல்தண்ணீரின் உப்பளவு கெட்டுவிடுமே என்றுதான், பாட்டில் வாயை அடைத்திருந்த உள்ளடைப்பை மட்டும் விட்டுவிட்டு மூடிகளை அலசினாள். பெரிய பொறுப்புசாலி!

கப்பலில் வாந்தி எடுத்த கையோடு, ஒவ்வொரு ஆழத்துத் தண்ணீரையும் மூன்று தடவை ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, நான்காம் தடவை பிடித்து வைத்தவள். பாட்டில் ஈரத்தில் பேனா வழுக்கியது. காய்ந்திருந்த மூடியில் எழுதினாள். கடலியலுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. செய்யாதே என்று முதல் நாளே தலைபாடாக அடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கப்பல் வருடத்துக்கு ஒரு முறைதான் போகும். அவளுடைய விசா ஐந்து மாதத்தில் முடிகிறது. இந்தத் தண்ணீர் போனால் ஆய்வேடு போச்சு, முதுகலைப் பட்டமும் போச்சு. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு வழி இருந்தது. தண்ணீரை மொண்டு வந்த கலங்களோடு சேர்ந்து கடலுக்குள் இறங்கிய கருவி, மீட்டருக்கு மீட்டர் உப்பின் அளவைப் பதிந்திருக்கும். பாட்டில் தண்ணீரின் உப்பை அளந்து அதோடு ஒப்பிட்டு, எந்தப் பாட்டில் எந்த ஆழத்துக்குத் தோதுப்படுகிறதோ அங்கே வைத்துவிடலாம். ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

ஆனால் அந்தக் கருவி நிஜம் சொல்கிறதா என்று சோதிக்கத்தான் பாட்டில்களே. சந்தேகப்பட்ட ஆளையே கூப்பிட்டு, நீ நல்லவனா என்று கேட்டு எழுதிக்கொள்வது மாதிரி.

சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தோன்றியது. ஐந்து நிமிடம் கழித்து, அவ்வளவு மோசமில்லை என்றும் தோன்றியது. முதல் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். கூடப்பிறந்தவள் இல்லை. நாலு வருடமாக இதே ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குக் குப்பை கொட்டுகிறவள், இங்கே தமிழ் பேச இருக்கிற ஒரே ஆள்.

"தப்பிச்சோம்டி! கருவிக் குழாய்ல ஜெல்லிமீன் துண்டு போய் அடைச்சிருக்கு. முந்நூறு மீட்டருக்குக் கீழ பதிஞ்சதெல்லாம் குப்பை. நல்லவேளை, உன் பாட்டில் இருக்கு. அதுவும் இல்லன்னா என் படிப்பும் சேர்ந்து ஊத்திக்கிட்டிருக்கும்."

அவள் அழுதுவிட்டாள். வாளியைக் காட்டி, மூடியில் எழுதியதையும் அலசியதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கருவியை வைத்து அடுக்கிவிடலாம் என்று நினைத்ததையும் சேர்த்தே சொன்னாள்.

அக்கா திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாளிக்குள் கைவிட்டு ஒரு மூடியை எடுத்துத் துடைத்தாள். எழுதிய எண் அழியாமல் அப்படியே இருந்தது.

"போன வருஷம் நானும் மூடியிலதான் எழுதினேன்," என்றாள். "அப்ப கருவி நல்லா இருந்துச்சு."