ஒன்பது கருணை மார்க்

"நான் தொடவே இல்லம்மா. அது பாட்டுக்கு அம்புக்குறி நகருது, ஃபோல்டரைத் திறக்குது, மூடுது. பேயா இருந்தாக்கூடப் பரவாயில்ல, இது திருடன்!"

ஹெட்மாஸ்டரின் மனைவி டெக்னீஷியனிடம் முறையிட்டாள். முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து பகலெல்லாம் இந்த அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் கண்ணில் பட்டது. அவள் கையை ஆட்டிப் பேசும்போதே ஹெட்மாஸ்டர் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"வீடு பத்தி எரியும்போதும் இவருக்குப் போட்டோ!" என்றாள்.

டெக்னீஷியன் பெண் அரை மணி நேரம் கம்ப்யூட்டரைக் குடைந்தாள். "அம்மா சொல்றது நிஜம் சார். ஒரு வருஷமா யாரோ வெளியிலிருந்து வர்றாங்க. தினம் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு. போட்டோவை மட்டும் பார்த்துட்டுப் போயிடறாங்க."

"என் போட்டோவை வெச்சு எவன் என்ன பண்றானோ! இன்னிக்கே வழியை அடைச்சாகணும்" என்றாள் மனைவி.

ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் ஹெட்மாஸ்டர் சிவப்புப் பேனாவை விட்டபாடில்லை. டெக்னீஷியன் சொன்ன மூன்று பாதுகாப்பு சாஃப்ட்வேர்களையும் பரீட்சைக்கு உட்காரவைத்துவிட்டார். தாளில் கட்டம் போட்டு, வைரஸ் பிடிப்பதற்கு இவ்வளவு, கேமராவை மறைப்பதற்கு இவ்வளவு, பாஸ்வேர்டைப் பூட்டி வைப்பதற்கு இவ்வளவு என்று நூற்றுக்கு மார்க். அவர் பள்ளியில் நாற்பது வாங்கினால்தான் பாஸ்; முப்பத்தொன்பது வாங்கியவன் காலில் விழுந்தபோதும் ஒரு மார்க் கருணை போடாத மனிதர் அவர்.

"முதல் ஆசாமி, உள்ளே வர்றவனை என்ன பண்ணுவான்?"

"அந்த நொடியே அடைச்சிடும் சார். மறுபடி வரவே முடியாது."

தொண்ணூற்றிரண்டு.

"ரெண்டாவது?"

"மணி அடிச்சு, 'விடலாமா'ன்னு கேட்கும். வீடு முழுக்கக் கேட்கும்."

எழுபத்தெட்டு.

"மூணாவது?"

அவள் சிரித்துவிட்டாள். "அது சும்மா பேருக்கு சார். யாரையும் தடுக்காது. வந்த நேரம், போன நேரம் மட்டும் எழுதி வெச்சுக்கும்."

"நேரத்தைச் சரியா எழுதுமா?"

"எழுதும்."

"ஒருநாள் வரலைன்னா?"

"அதுவும் தெரியும்."

கஷ்டப்பட்டுக் கூட்டியும் முப்பத்தொன்றுதான் தேறியது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? முதல்ல சொன்னதையே போடும்மா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு படுக்கப் போனாள். உள்ளறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை ஹெட்மாஸ்டர் காத்திருந்தார். பிறகு முப்பத்தொன்றை அடித்து நாற்பது என்று எழுதினார்.

"மூணாவதைப் போடு."

"ஃபெயிலானதையா? சார், திருடன் கையில சாவி கொடுத்த மாதிரி ஆயிடும்!"

"அந்த அம்புக்குறி நகர்றது மட்டும் என் வீட்டுக்காரி கண்ணுல படாமப் பண்ண முடியுமா?"

"முடியும். ஆனா அம்மா இவ்வளவு பயந்துபோய் இருக்காங்க. யாருன்னே தெரியாத ஆளுக்காக..."

ஹெட்மாஸ்டர் பேனாவை மூடினார். வகுப்பறையையே அடக்கிய குரல் உள்ளே போய்விட்டிருந்தது.

"இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டு, எல்லாம் அமைச்சுக் கொடுத்தவளே என் பொண்ணுதான். அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு, 'இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதே'ன்னு சொல்லிட்டேன். சொன்ன வாயால வான்னு கூப்பிட வரல. அவளும் என்னை மாதிரியே வீம்பு, போன்கூடப் பண்ண மாட்டா. அதான், தினம் அவ அம்மாவை ஒரு போட்டோ எடுத்து, ஆறரைக்குள்ள நானே அதுல போட்டு வைக்கிறேன்."