நாலு நிமிஷக் குரல்

"பிடுங்கினது நான்தான் தம்பி. வேற யாரையும் குறை சொல்றதுக்கில்ல" என்று ஹார்டு டிஸ்க்கை மேஜைமேல் வைத்தாள் ஸ்வெத்தாங்கா. கைக்குட்டையில் சுற்றி, கோழிக்குஞ்சைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்திருந்தாள்.

பிளோவ்திவ் நகரச் சந்தைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஓக்னியான் அதைத் திருப்பிப் பார்த்தான்.

"கம்ப்யூட்டர்கிட்ட சொல்லாம கொள்ளாம இழுத்துட்டீங்களாக்கும்?"

"துணி தேய்க்க மேஜை வேணும்னு வெடுக்குனு உருவிட்டேன். மறுபடி சொருகினா, எல்லாத்தையும் அழிச்சிட்டு ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்குது."

"சரின்னுட்டீங்களா?"

"ஐயோ, இல்ல!"

"பிழைச்சீங்க. உள்ள என்ன இருக்கு?"

"ஒரு வாழ்த்து. ஞாயித்துக்கிழமை என் மக யொவானாவுக்குக் கல்யாணம். அப்பா குரல்ல வாழ்த்து கேட்காம மோதிரம் மாத்திக்க மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் நாள் பேசிப் பதிவு பண்ணினது. நாலே நிமிஷம். இனிமே எந்த டாக்டர் வந்தும் அந்தக் குரலைத் திருப்பித் தர முடியாது."

"வேற எங்கயும் இல்லியா?"

"அதைத்தானே தம்பி நகல் எடுத்துக்கிட்டிருந்தேன்! பாவி, அதுக்குள்ள உருவிட்டேனே..." என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஓக்னியானுக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் அவளோடு வந்திருந்த ஆளைப் பார்த்ததும் எரிச்சலும் வந்தது. அறுபது வயதிருக்கும். மே மாத வெயிலில் கழுத்துக்குப் பட்டுத்துணி வேறு. அவள் தோளைத் தட்டிக்கொடுத்தபடி அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"காபி குடிக்கிறீங்களா சார்?"

அந்த ஆள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினான். அந்த ஊரில் அதற்குச் சரி என்று அர்த்தம். காபியை வாங்கிக்கொண்டபோதும் ஒரு நன்றி இல்லை. 'வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமோ? புருஷன் போன ஈரம்கூடக் காயல, அதுக்குள்ள மினுக்கிக்கிட்டு வந்துட்டான்' என்று ஓக்னியான் மனதுக்குள் கறுவினான்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரன். டிஸ்க்கில் இருந்ததை அப்படியே வேறொன்றில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத்தான் தோண்டினான். இரண்டு மணி நேரம் கழித்துப் பெயர் தொலைந்த ஒலிப்பதிவுகள் நூற்றுச் சொச்சம் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தான். ஒன்றில் யாரோ தும்மினார்கள். ஒன்றில் பல்லுப் போன பூனைக்குப் பாட்டு. ஸ்வெத்தாங்கா ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள்.

எழுபதைத் தாண்டியதும் கனத்த ஆண்குரல் ஒன்று கடையை நிறைத்தது.

"யொவானா, என் கண்ணு... ரெண்டு பேரும் ஒரே தலையணையில கிழவன் கிழவி ஆகணும். சண்டை போடுங்க, வேண்டாங்கல. தலையணையை மட்டும் தனித்தனியா ஆக்கிடாதீங்க..."

"அதான்! அதேதான்!" ஸ்வெத்தாங்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பட்டுத்துணிக்காரனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஓக்னியானுக்கும் தாங்கவில்லை. இப்படியொரு மனிதர் மகள் கல்யாணத்தைப் பார்க்காமல் போய்விட்டாரே!

இழுப்பறையிலிருந்து ரக்கியா என்கிற பழச்சாராயப் பாட்டிலை எடுத்து இரண்டு கிளாஸில் ஊற்றினான். அவளுக்கொன்று, தனக்கொன்று. அந்த ஆளுக்கு ஊற்ற மனசு வரவில்லை. எழுந்து நின்று, செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதையாகத் தன் கிளாஸிலிருந்து முதல் வாயைத் தரையில் சிந்தினான்.

"ஆண்டவன் அவரை மன்னிச்சு ஏத்துக்கட்டும்."

"யாரை?" என்றாள் ஸ்வெத்தாங்கா திடுக்கிட்டு.

பக்கத்து நாற்காலியில் அந்த ஆளின் தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்றுதான் ஓக்னியான் நினைத்தான். பார்த்தால் சிரிப்பு. துளிச் சத்தமில்லாத சிரிப்பு.

சிரித்தபடியே கழுத்துத் துணியை அவிழ்த்தார். குரல்வளை இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஓர் ஓட்டை. மேஜையிலிருந்த துண்டுச் சீட்டை இழுத்து எழுதி ஓக்னியான் பக்கம் தள்ளினார்:

"ஆபரேஷன்ல போனது குரல் மட்டும்தான் தம்பி. எனக்கும் ஊத்து, ஆனா கிளாஸ்ல ஊத்து."