மயிலக்கா சொன்னால் தப்பாது

சுகன்யா மறுபடியும் ரோலர் கோஸ்டரில் போய் உட்கார்ந்ததைப் பார்த்ததும் மயிலம்மாளுக்கு மிளகாய் பஜ்ஜி தொண்டையில் நின்றுவிட்டது.

காலையிலிருந்து இதே வேலை. இறங்குகிறாள், கம்பித் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறாள், ஏறுகிறாள். மணிக்கட்டில் கட்டிய ஆரஞ்சுப் பட்டை இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஆசை காட்டித்தான் மகளிர் குழுவை வேனில் அள்ளிப்போட்டு வந்திருந்தார்கள்.

சேலம் பைபாஸ் ஓரத்துச் சின்னப் பூங்கா. ரோலர் கோஸ்டரும் அதற்கேற்ற உயரம்தான். உச்சிக்குப் போனால் பக்கத்துக் கோழிப்பண்ணையின் கூரை தெரியும், அவ்வளவே. ஆனாலும் ஏறியவர்கள் எல்லாம் குலதெய்வத்தைக் கூப்பிட்டு அலறினார்கள். சுகன்யா மட்டும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

அலறாததில் மயிலம்மாளுக்கு ஒன்றும் இல்லை. ஏறியதுதான் வினை.

சுகன்யா முழுகாமல் இருக்கிறாள் என்று திருச்செங்கோட்டில் தெரு முழுக்கச் சொல்லிவைத்தவள் மயிலம்மாள்.

சுகன்யா யாரிடமும் மூச்சுவிடவில்லைதான். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து உண்டானவள், மூன்று மாதம் முடியாமல் வாயைத் திறப்பாளா? அதுவரை கண்ணுள்ளவர்கள் தாமாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மயிலம்மாளுக்குக் கண் இருந்தது. போதாததற்கு எதிர்வீடு.

சுகன்யாவின் புருஷன் நிலவன் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போர்வெல் போடப் போனவன், கடைசியாக எப்போது வீட்டுக்கு வந்து போனான் என்பது அவளுக்குத் தெரியும். சுகன்யா கருவாட்டு வாடைக்கு ஜன்னலைச் சாத்தியதும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெருமுனையில் வேகத்தடை வந்தால் அவள் ஸ்கூட்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்தத் தெருவில் உண்டான அத்தனை பேரையும் டாக்டருக்கு முன்னால் சொன்னவள் மயிலம்மாள். ஒன்றுகூடத் தப்பியதில்லை. அவளுக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

ரோலர் கோஸ்டர் கடகடவென்று ஏறியது.

"ஏனுங்க மயிலக்கா, உங்க புள்ளத்தாச்சி மேல போறாளுங்க. டாட்டா காட்டுங்க" என்றாள் குழுத் தலைவி சென்னியம்மாள். தன் மகள் உண்டான சங்கதியையே தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததில் அவளுக்கு ஒரு பழைய எரிச்சல். "போயி நீங்களே கேட்டுப்போட்டு வாங்க. இல்லீன்னா இனிமே மழை வரும்னு நீங்க சொன்னாக்கூட நாங்க துணி எடுக்க மாட்டோம்."

எல்லாரும் சிரித்தார்கள்.

மயிலம்மாள் மிச்ச பஜ்ஜியைச் சென்னியம்மாள் கையில் திணித்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசைக்குப் போனாள். அதற்குள் சுகன்யா இறங்கிச் சுற்றி வந்து மறுபடியும் நின்றிருந்தாள். அங்கே ஒரு பலகை இருந்தது. கர்ப்பிணிகள் ஏறக்கூடாது என்ற வரியை மட்டும் சுகன்யாவின் காதில் விழும்படி எழுத்துக் கூட்டிப் படித்தாள். சுகன்யா திரும்பவில்லை.

பக்கத்து இருக்கையில் இடம் பிடித்தாள். தடுப்புக் கம்பி இறங்கி மயிலம்மாளின் வயிற்றில் இடித்து நின்றது. சுகன்யாவின் மடியில் தலையணை வைக்குமளவு இடம் மிச்சம்.

"ஏஞ்சாமி, அந்தப் பலகை உன்ற கண்ணுல படலையா?"

"படிச்சனுங்க்கா."

கிளம்பியது. பாதி ஏற்றத்தில், எதிரே தண்டவாளத்தைப் பார்த்தபடியே சுகன்யா சொன்னாள்.

"நீங்க தெருவுல சொன்னது சரிதானுங்க. வியாழக்கெழம வரைக்கும்."

மயிலம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை.

"ஸ்கேன்ல துடிப்பு இல்லீன்னுட்டாங்க. திங்கக்கெழம வந்து எடுத்துக்கச் சொன்னாங்க. அவருகிட்ட இன்னும் சொல்லலைங்க." ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

"அப்பறம் எதுக்கு கண்ணு இதுல போயி…"

உச்சிக்கு வந்துவிட்டது. ஒரு கணம் எதுவுமே நகரவில்லை.

"கீழ எறங்கறப்ப வயித்துல அசையற மாதிரி இருக்குதுங்க்கா."

இறங்கியது. பின்னால் இருந்தவர்கள் அலறினார்கள். மயிலம்மாளுக்குக் கத்தத் தோன்றவில்லை. கம்பியை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். அது பிடித்த இடத்தில் அப்படியே கிடந்தது.

வண்டி நின்றதும் சுகன்யா கையை மெல்ல உருவிக்கொண்டு, தடுப்பைச் சுற்றிப் போய் மறுபடியும் வரிசையில் நின்றாள்.

கீழே குழு மொத்தமும் காத்திருந்தது. மற்ற நாளாக இருந்தால் இப்படியொரு சேதி, வேன் திருச்செங்கோடு போய்ச் சேருமுன் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

"என்னுங்க்கா, என்ன சொன்னா?" என்றாள் சென்னியம்மாள்.

மயிலம்மாள் கலைந்த கொண்டையை அவிழ்த்து நிதானமாக முடிந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான் தப்பாப் போச்சு."

சென்னியம்மாளுக்கு அந்த ஒரு தடவை போதவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

மயிலம்மாள் சொன்னாள்.